நீறு பூத்த நெருப்பு

இரவில் அடுப்பு அணைந்துவிட்டது என்று எண்ணிப் படுக்கிறோம். காலையில் சாம்பலைக் கிளறினால் உள்ளே தணல் கனன்று கொண்டிருக்கிறது. எச்.ஐ.வி. என்னும் நச்சுயிரியின் இயல்பும் இத்தகையதே. முறையாக மாத்திரை உண்பவரின் இரத்தத்தில் அது சோதனைக்கே அகப்படாத அளவு குறைந்துவிடுகிறது. ஆயினும் உடலின் சில மூலைகளில் மறைந்து கிடக்கிறது. அம்மூலைகளுள் நுரையீரலும் ஒன்று.

இந்நோய் உலகுக்குத் தெரிய வந்ததே நுரையீரல் வழியாகத்தான். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அரிய வகை நிமோனியா கண்டதை 1981 ஜூன் 5-ஆம் நாள் வெளியான ஓர் அறிக்கை தெரிவித்தது. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை அதுவே. 1983-இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் கிருமி கண்டறியப்பட்டது. 1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவியது; மரண வாயிலில் நின்றோர் பலர் எழுந்து நடமாடினர்.

அத்தகைய மருந்தாலும் கிருமி முற்றும் அழியாதது ஏன்?

நோயை எதிர்த்துப் போராடும் சி.டி.4 என்னும் வெள்ளணுக்களுள் எச்.ஐ.வி. புகுந்து, அவற்றின் டி.என்.ஏ.வோடு தன் மரபுச் செய்தியையும் இணைத்துவிடுகிறது. மருந்துகள் கிருமி பெருகுவதைத் தடுக்குமேயன்றி, இணைந்துவிட்ட செய்தியை வெட்டி எடுக்க மாட்டா. அவ்வணுக்களுள் சில பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். உறங்கும் அணுவில் கிருமி எவ்வித அடையாளமும் காட்டாது. ஆகவே உடலின் காவலரும் அதனை அறியார். அந்த அணு இரண்டாகப் பிரியும்போது கிருமியின் செய்தியும் உடன் பிரதியாகிறது.

நாம் இழுக்கும் மூச்சோடு தூசியும் கிருமிகளும் ஓயாது நுரையீரலுக்குள் வருகின்றன. அவற்றை விழுங்கித் துப்புரவு செய்யும் பேரணுக்கள் காற்றறைகளில் வாழ்கின்றன. இவை நீண்ட ஆயுள் உள்ளவை, எச்.ஐ.வி. புகுந்தாலும் எளிதில் மடிவதில்லை. நுரையீரலிலேயே நிலையாகத் தங்கும் சி.டி.4 அணுக்களும் உண்டு. மெல்லிய குழாய் வழியே உப்புநீர் செலுத்தி நுரையீரலைக் கழுவி எடுத்துச் சோதித்தபோது, இரத்தத்தில் கிருமி அகப்படாதவர்களின் நுரையீரல் அணுக்களிலும் அதன் டி.என்.ஏ. காணப்பட்டது. மருந்து உண்போருக்கும் காசநோய் முதலிய நுரையீரல் நோய்கள் பிறரைவிட மிகுதியாக வருவதற்கு, அங்கே காவல் தளர்ந்திருப்பதும் ஒரு காரணம்.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? 2010-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எச்.ஐ.வி.யுடன் பிறந்த குழந்தைக்கு முப்பது மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கப்பட்டது. சுமார் பதினெட்டு மாதம் கழித்து மருந்து நின்றுபோயிற்று. பின்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிருமி தென்படவில்லை. குணமாயிற்று என்று மருத்துவர்கள் மகிழ்ந்திருக்க, 2014-இல் அது மீண்டும் தலைதூக்கியது. சாம்பலுக்குள் தணல் இருந்திருக்கிறது!

"நுரையீரலில் கிருமி இருந்தால் இருமலில் பரவாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பரவாது. மூச்சாலோ, இருமலாலோ, ஒரே பெஞ்சில் அமர்வதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ எச்.ஐ.வி. தொற்றுவதில்லை. மாத்திரையை ஒழுங்காக உண்டு, இரத்தத்தில் கிருமி அகப்படாத நிலையைக் காத்து வருபவரிடமிருந்து அவருடைய வாழ்க்கைத் துணைக்கும் அது தொற்றுவதில்லை.

ஆகவே தோழியரே, இரண்டு செய்திகளை நினைவிற் கொள்வோம். உடல் தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தலாகாது. அதனை நாள்தோறும் உண்பவர் அன்றன்றைக்குத் தணலை அடக்கி வைக்கிறார். அவர் நம் வகுப்பிலோ, தெருவிலோ, வீட்டிலோ இருக்கலாம். அவரைக் கண்டு விலகினால் அவர் மாத்திரையை மறைத்து வைப்பார். மறைப்பவர் ஒரு நாள் மறப்பார். நாம் இயல்பாக அருகில் அமர்ந்தால், அவரும் அச்சமின்றி வேளை தவறாமல் மருந்து உண்பார்.