திரையில் தெரியும் மேப்பை எவ்வளவு நம்பலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் கொடுத்துவிட்டால், முதல் வாரத்திலேயே பலரும் எட்டிப் பார்த்துவிடும் இடம் கூகுள் மேப்ஸ். தங்கள் தெருவைத் தேடுவார்கள். மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்து வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அதோடு சரி. உண்மையில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட, சிறிதாக்கிக்கொண்டே வந்து முழு உலகத்தையும் பார்க்கும்போதுதான் வேடிக்கைகள் ஆரம்பிக்கின்றன. நான் திருப்பூர்க்காரன் என்பதால் உதாரணங்களை எங்கள் ஊரிலிருந்தே தருகிறேன். நீங்கள் உங்கள் ஊரை வைத்துச் செய்து பாருங்கள்.

பிரவுசரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, மவுஸின் நடுச்சக்கரத்தை உங்கள் பக்கமாக உருட்டுங்கள். உலகம் உருண்டையாகத் தெரிந்தால், இடது கீழ் மூலையில் உள்ள லேயர்ஸ் என்ற பெட்டியில் மோர் என்பதை க்ளிக் செய்து, குளோப் வியூ என்பதற்கு எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இப்போது பள்ளிக்கூடச் சுவரில் பார்த்த அதே தட்டையான உலகப்படம் வந்துவிடும்.

வடக்கே கிரீன்லாந்தைப் பாருங்கள். இந்தியாவைப் போல் பல மடங்கு பெரிதாக, ஆப்பிரிக்காவுக்கே சவால் விடும் அளவில் இருக்கிறது அல்லவா? இனி கணக்கைப் பாருங்கள். கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.66 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியா சுமார் 32.87 லட்சம். அதாவது நாம்தான் ஒன்றரை மடங்கு பெரியவர்கள்! ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். அதற்குள் 14 கிரீன்லாந்துகளை அடுக்கலாம்.

நம்ப முடியவில்லையா? தி ட்ரூ சைஸ் டாட் காம் என்ற தளத்துக்குப் போய் ஆங்கிலத்தில் இந்தியா என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். நம் நாட்டின் உருவம் நிறத்தோடு தெரியும். அதை மவுஸால் பிடித்து வடக்கே கிரீன்லாந்து மேல் இழுத்துக்கொண்டு போங்கள். போகப் போக இந்தியா பலூன் மாதிரி ஊதும். பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

குழாய்த் துணியும் உலகப்படமும்

இது கூகுளின் தவறல்ல. உருண்டையை எப்படித் தட்டையாக்கினாலும் எங்காவது ஓரிடத்தில் இழுத்தோ சுருக்கியோதான் ஆக வேண்டும். திரையில் நீங்கள் பார்க்கும் முறையை 1569-ல் வகுத்தவர் ஜெரார்டஸ் மெர்கேட்டர் என்ற மேப் தயாரிப்பாளர்.

பனியன் கம்பெனி பார்த்தவர்களுக்கு அதைச் சுலபமாக விளக்கிவிடலாம். வட்டமாகப் பின்னும் நிட்டிங் மெஷினிலிருந்து துணி குழாய் வடிவில்தான் இறங்கும். நீளவாக்கில் ஒரு வெட்டு போட்டு விரித்தால் அகலத் துணியாகிவிடும். அந்தக் குழாய்க்குள் கச்சிதமாக நுழையும் ஒரு பந்தைக் கற்பனை செய்யுங்கள். பந்தின் நடுவட்டம் மட்டும் துணியைத் தொடும். மேலேயும் கீழேயும் போகப் போகப் பந்து குறுகுகிறது, குழாய் குறுகுவதில்லை. பந்தின் மேல் உள்ள படத்தைத் துணிக்கு மாற்ற வேண்டுமானால், மேலும் கீழும் உள்ள பகுதிகளைப் பக்கவாட்டில் இழுத்தே ஆக வேண்டும். பக்கவாட்டில் மட்டும் இழுத்தால் உருவம் சப்பையாகிவிடும் என்பதால் மெர்கேட்டர் அதே அளவுக்கு மேல்கீழாகவும் இழுத்தார். பிறகு குழாயை வெட்டி விரித்தால் உலகப்படம்.

அதனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர்கள் ஏறக்குறைய உள்ளபடியே இருக்கும். 11 பாகை வடக்கே இருக்கும் திருப்பூரில் இழுவை 2 சதவீதம்தான். 60 பாகையில் நார்வே, பின்லாந்துப் பக்கம் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. கிரீன்லாந்தின் நடுப்பகுதியில் பரப்பு சுமார் பத்து மடங்கு!

அப்படியானால் 450 ஆண்டு பழைய முறையை இன்றைய கம்ப்யூட்டர்கள் ஏன் விடவில்லை? சாப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த பகுதி இது. இந்த முறையில் பரப்பு கெடும், ஆனால் கோணம் கெடாது. இரண்டு தெருக்கள் செங்கோணத்தில் சந்தித்தால் திரையிலும் அப்படியே சந்திக்கும். வடக்கு எப்போதும் மேலேயே இருக்கும். கப்பல்காரருக்கும் அன்று வேண்டியது இதுதான், தெருவில் வழி தேடும் நமக்கும் இன்று வேண்டியது இதுதான். இன்னொரு வசதி, இந்தப் படத்தைச் சதுரமாக நறுக்கலாம். உலகம் முழுவதையும் பக்கத்துக்கு 256 புள்ளிகள் கொண்ட ஒரே சதுரத்தில் அடக்குகிறார்கள். ஒரு படி பெரிதாக்கினால் அது 4 சதுரம். அடுத்த படியில் 16. பத்தாவது படியில் 10,48,576 சதுரங்கள். நீங்கள் பார்க்கும் இடத்துக்குரிய சில சதுரங்களை மட்டும் சர்வர் அனுப்பினால் போதும். மெதுவான இணைப்பில் மேப் கட்டம் கட்டமாக வந்து நிரம்புவதற்கு இதுதான் காரணம். சதுரமாக்க வேண்டும் என்பதற்காக வடக்கிலும் தெற்கிலும் 85 பாகைக்கு மேல் வெட்டிவிடுகிறார்கள். ஆகவே அந்தத் தட்டை மேப்பில் வட துருவமும் கிடையாது, தென் துருவமும் கிடையாது.

அமெரிக்காவுக்கு எந்தப் பக்கம்?

எங்கள் ஊர் டி-ஷர்ட்டுகள் அதிகம் போகும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. திருப்பூரிலிருந்து நியூயார்க்குக்குத் திரையில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அரேபியா, சூடான், லிபியா, மொராக்கோ, பிறகு அட்லாண்டிக் என்று மேற்கு நோக்கிப் போகும். அந்தக் கோட்டிலேயே போனால் சுமார் 15,200 கிலோமீட்டர்.

இப்போது ஸ்கேலை வைத்துவிட்டு, திருப்பூர் மேல் ரைட் க்ளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் மெஷர் டிஸ்டன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, நியூயார்க் மேல் ஒரு க்ளிக். கோடு வில் போல வளைந்து வடக்கே ஏறும். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள், பூமியில் அதுதான் நேர்கோடு. ஆப்கானிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா, பின்லாந்து, ஸ்வீடன், நார்வே, ஐஸ்லாந்து என்று போய், கிரீன்லாந்தின் தென்முனையை உரசிக்கொண்டு கனடா வழியாக இறங்கும். தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர்தான். ஸ்கேல் காட்டிய வழியைவிட 1,600 கிலோமீட்டருக்கு மேல் குறைவு. குளோப் வியூவைத் திரும்பவும் டிக் செய்து உருண்டையைச் சுழற்றிப் பார்த்தால் அந்த வில் நேராகிவிடும்.

வீட்டில் ஒரு பந்து இருந்தால் நூலால் செய்து பாருங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் அதுவாகவே போய் உட்காரும் வழிதான் குறுகிய வழி.

குறுகிய வழிதான் சீக்கிரம் போகும் வழி என்றும் நினைத்துவிடக் கூடாது. ஏர் இந்தியா தனது டெல்லி - சான்பிரான்சிஸ்கோ விமானத்தை 2016 அக்டோபரில் அட்லாண்டிக் பக்கத்திலிருந்து பசிபிக் பக்கத்துக்கு மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர், புதிய வழி சுமார் 15,300. தூரம் கூடியும் நேரம் குறைந்தது! உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம்.

பக்கத்துக் கடலை விட்டுத் தூரத்துக் கடலுக்கு

சரி, ஊருக்குத் திரும்புவோம். திருப்பூருக்குப் பக்கத்தில் உள்ள கடல் எது? தமிழ்நாட்டு ஊர் என்பதால் பெரும்பாலோர் யோசிக்காமல் வங்கக் கடல் என்பார்கள். அதே அளவுகோலை எடுத்து மேற்கே பொன்னானி வரை இழுங்கள், சுமார் 160 கிலோமீட்டர். கிழக்கே அதிராம்பட்டினம் வரை இழுத்தால் சுமார் 240. நமக்கு நெருங்கிய கடல் அரபிக் கடல். நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையும் சுவராக நிற்கவில்லை. பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை வாசல் விட்டிருக்கிறது. ஆடி மாதக் காற்று அந்த வாசல் வழியாகத்தான் பாய்ந்து வந்து பல்லடம், உடுமலை பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது.

ஆனால் ஊருக்கு நடுவே ஓடும் நொய்யல் அந்த வாசலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெள்ளியங்கிரி மலையில், அரபிக் கடலுக்கு அவ்வளவு அருகில் பிறந்தும், கிழக்கே கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலந்து வங்கக் கடலுக்குப் போகிறது. காரணம் தட்டை மேப்பில் தெரியாது. கூகுள் எர்த் தளத்தைத் திறந்து மவுஸை ஒவ்வொரு ஊராக நகர்த்துங்கள். கீழ் ஓரத்தில் கடல் மட்டத்திலிருந்து உயரம் மாறிக்கொண்டே வரும். கோவை சுமார் 400 மீட்டர், திருப்பூர் சுமார் 300 மீட்டர், கிழக்கே போகப் போக இன்னும் இறக்கம். பாலக்காடு 100 மீட்டருக்கும் கீழே கிடந்தாலும், நடுவில் கோவையின் மேடு இருப்பதால் நம் தண்ணீர் அங்கே போக வழியில்லை.

இந்த நூறு மீட்டர் இறக்கம் விளையாட்டான விஷயமல்ல. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் விழுந்த ஆண்டுகளில், அது இறக்கத்தோடு போய்ச் சேர்ந்தது பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில். அணையின் தண்ணீர் பயிருக்கு உதவாமல் போனது. பனியன் தொழிலில் ஒரு பைசா பார்க்காத கீழ்ப்பகுதி விவசாயிகள்தான் நிலத்தையும் கிணற்றையும் இழந்தார்கள். அவர்கள் வழக்குத் தொடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாறியது அதன் பிறகுதான். மேப்பில் திருப்பூரையும் கரூரையும் பார்த்தால் இரண்டு தனித்தனிப் புள்ளிகள். உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று மேல்வீடு, இன்னொன்று கீழ்வீடு.

கப்பலுக்கு வேறு மேப்

துணி கண்டெய்னரில் ஏறித் துறைமுகம் போனபிறகு இன்னொரு வேடிக்கை. சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் நேர்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர். இரண்டும் ஒரே மாநிலத்தின் ஒரே கடலோரம். ஆனால் பெரிய கப்பல் ஒன்று சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வர வேண்டுமானால் இலங்கையை முழுதாகச் சுற்றித்தான் வர வேண்டும்! ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் நீல நிறமாகத் தெரிந்தாலும், மணல் திட்டுகளால் பல இடங்களில் ஆழம் சில மீட்டர்தான். இங்கே கால்வாய் தோண்ட 2005 ஜூலையில் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கப்பட்டது. 780 கிலோமீட்டர் வரை மிச்சமாகும் என்றார்கள். உச்ச நீதிமன்ற வழக்கில் சிக்கித் திட்டம் முடங்கிவிட்டது.

2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் ஆரம்பித்தபோது, ஐரோப்பா போகும் கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. சரக்கு போய்ச் சேர இரண்டு வாரம் வரை கூடியது, கண்டெய்னர் வாடகையும் ஏறியது. எங்கள் தெருவில் சின்னதாக யூனிட் வைத்திருப்பவர் ஒருவர் அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். "ஏனுங்க தம்பி, மேப்புல பார்த்தா ஆப்பிரிக்கா அவ்வளவு பெருசா தெரியலீங்களே? சுத்திப் போறதுக்கு எதுக்குங்க இத்தனை நாளு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் குழாய்த் துணியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கா நிலநடுக்கோட்டின் இரண்டு பக்கமும் சரிபாதியாக உட்கார்ந்திருப்பதால் அதிகம் இழுபடவில்லை. ஐரோப்பா இழுபட்டுப் பெருத்திருக்கிறது. அதன் பக்கத்தில் ஆப்பிரிக்கா சிறுத்துத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்காவின் வடமுனைக்கும் தென்முனைக்கும் இடையே சுமார் 8,000 கிலோமீட்டர். காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை இரண்டரை தடவை போகும் தூரம்.

எவ்வளவு கூடுகிறது என்பதை நீங்களே அளக்கலாம். மெஷர் டிஸ்டன்ஸ் ஒரே கோட்டோடு நின்றுவிடாது. க்ளிக் செய்யச் செய்ய கோடு நீளும். கொழும்பில் ஆரம்பித்து, நிலத்தில் ஏறாமல் கடலிலேயே க்ளிக் செய்துகொண்டு செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் வழியாக நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகம் வரை போங்கள். கீழே பெட்டியில் மொத்தத் தூரம் வரும், குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியை மூடிவிட்டு மறுபடியும் கொழும்பிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அதே துறைமுகம் வரை. இரண்டையும் கழித்தால் 6,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். தவறான இடத்தில் க்ளிக் செய்துவிட்டால் அந்தப் புள்ளியின் மேலேயே இன்னொரு க்ளிக், போய்விடும். புள்ளியைப் பிடித்து இழுத்தும் சரிசெய்யலாம். கரையோரமாக வளையும் இடங்களில் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டு க்ளிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் கப்பல் சோமாலியா மேல் ஏறிவிடும்.