குளிரில் கிளம்பாத டீசல் வண்டி

ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலையில், சோஜிலா கணவாயைத் தாண்டினால் திராஸ் என்ற ஊர் வரும். குளிர்காலத்தில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரைகூடக் குளிர் இறங்கும். வாளித் தண்ணீர் ஒரே இரவில் கல்லாகிவிடும். அங்கே ஒரு பழைய லாரி இரவு முழுவதும் நிற்கிறது. காலையில் கிளம்ப மறுக்கிறது. ஏன்?

டீசல் எஞ்சினில் நெருப்புப் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்கி அழுத்துகிறது. அழுத்திய காற்று சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதே சூடுதான். எஞ்சினுக்குள் இது 500 டிகிரிக்கு மேல் போகும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். எஞ்சின் இரும்பு குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டை இரும்பே குடித்துவிடும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் சூடு ஏறாது.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். செல்ஃப் மோட்டார் முக்கி முனகிச் சுற்றுகிறதா? கடுங்குளிரில் பேட்டரியின் வலு பாதியாகிவிடும். எஞ்சின் ஆயிலும் தேன்போலக் கெட்டியாகும். பேட்டரி முனைகளில் பூத்த பொடியைச் சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள். கிளட்சை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். கியர்பாக்ஸின் சுமை குறையும். ஒரு தடவைக்கு 10 விநாடி போதும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள்.

நன்றாகச் சுற்றியும் கிளம்பவில்லை என்றால் சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால், டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. பழைய ஜீப்பிலும் வேனிலும் ஹீட்டர் பிளக் இருக்கும். அதன் விளக்கு அணையும்வரை பொறுங்கள். பிறகு செல்ஃப் அடியுங்கள். அப்போதும் வெள்ளைப் புகைதான் என்றால் பிளக்குகளைச் சோதிக்க வேண்டும்.

புகையே வரவில்லையா? டீசல் எஞ்சினுக்குப் போகவில்லை. டீசலில் மெழுகு இருக்கிறது. குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். ஃபில்டரில் தங்கிய தண்ணீரும் பனிக்கட்டியாகும். மலை ஏறும் முன்பே அந்தத் தண்ணீரை வடித்துவிடுவது நல்லது. அடைத்துவிட்டால், வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டர் மேலும் டீசல் குழாய் மேலும் சுற்றுங்கள். மெழுகு இளகும். பிறகு கைப்பம்பை அடித்து டீசலை ஏற்றுங்கள்.

சிலர் எஞ்சினுக்கு அடியில் நெருப்பு மூட்டுகிறார்கள். வேண்டாம். கசியும் டீசலில் பற்றினால் வண்டியும் போகும், சரக்கும் போகும். டீசலில் பெட்ரோல் கலப்பதும் ஆபத்து. மண்ணெண்ணெய் கலந்தால் பம்பு தேயும். இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. கேபின் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கரி அடுப்பு வைத்துத் தூங்குவது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டிரைவரும் கிளீனரும் தூக்கத்திலேயே செத்துப்போவார்கள்.

2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று தனி டீசல் கொண்டுவந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியிலும் அது உறையாது. சமவெளியிலேயே டாங்கை நிரப்பிக்கொண்டு மலை ஏறாதீர்கள். குளிர்கால டீசல் கிடைக்கும் இடத்தில் போடுங்கள். போட்டதும் எஞ்சினை நிறுத்திவிடக் கூடாது. சிறிது தூரம் ஓட்டுங்கள். அப்போதுதான் பழைய டீசல் தீர்ந்து, புது டீசல் ஃபில்டர் வரை வந்து சேரும்.