நடுக்கடலில் ஒரு ‘மேஜிக் பைப்’... சொகுசுக் கப்பல் மறைத்த எண்ணெய்க் கழிவு!

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியது. அதன் வீடியோக்களை நம்மில் பலரும் செல்போனில் பார்த்திருப்போம். நீச்சல் குளம், தியேட்டர், வேளாவேளைக்கு பஃபே என்று ஒரு குட்டி நகரமே மிதக்கும். சரி, அந்த நகரத்தின் சாக்கடை எங்கே போகிறது?

குளியலறை, சமையலறை, சலவை ஆகியவற்றிலிருந்து வரும் தண்ணீரைக் கப்பல்காரர்கள் ‘சாம்பல் நீர்’ என்கிறார்கள். ஒரு பயணிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 250 லிட்டர் என்று கணக்குச் சொல்கிறது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2008-ம் ஆண்டு அறிக்கை. மூவாயிரம் பேர் போகும் கப்பல் என்றால், தினமும் ஏழரை லட்சம் லிட்டர். கப்பல் மாசு குறித்த சர்வதேச ஒப்பந்தமான ‘மார்போல்’, இந்தச் சாம்பல் நீரைக் கடலில் விடுவதற்குக் கட்டுப்பாடே வைக்கவில்லை. அலாஸ்கா போன்ற சில பகுதிகள்தான் சொந்தமாகச் சட்டம் போட்டிருக்கின்றன.

கழிவறை நீர்? கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டிவிட்டால், கப்பல் குறிப்பிட்ட வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சுத்திகரிக்காமலேயே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் விடலாம். பால்டிக் கடலில் மட்டும் பயணிகள் கப்பல்களுக்கு விதி கடுமை.

புகை விஷயம் இன்னும் விநோதம். கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் அளவு 3.5 சதவிகிதம் வரை இருக்கலாம் என்றிருந்ததை, 2020 ஜனவரி முதல் 0.5 சதவிகிதமாகக் குறைத்தார்கள். நல்ல எரிபொருளுக்கு விலை அதிகம். அதனால் பல கப்பல்கள் ‘ஸ்க்ரப்பர்’ என்ற கருவியைப் பொருத்திக்கொண்டு, பழைய மலிவு எண்ணெயையே எரிக்கின்றன. கடல்நீரைப் பீய்ச்சிப் புகையைக் கழுவுவதுதான் ஸ்க்ரப்பரின் வேலை. அதில் ஒரு ரகம், கழுவிய அழுக்குத் தண்ணீரை அப்படியே கடலில் விட்டுவிடும். வானத்துக்குப் போக வேண்டியது தண்ணீருக்குப் போகிறது, அவ்வளவுதான்!

இதுவரை சொன்னதெல்லாம் சட்டம் அனுமதிப்பவை. சில துறைமுகங்கள் ஸ்க்ரப்பர் தண்ணீருக்குத் தடை போட்டிருக்கின்றன என்றாலும், கப்பல்களுக்கு இருக்கும் சலுகை தாராளம்தான். எண்ணெய்க் கழிவு விஷயத்தில் மட்டும் சட்டம் கறார்.

இன்ஜின் அறையில் கசியும் எண்ணெயும் தண்ணீரும் கப்பலின் அடித்தளத்தில் தேங்கும். இதற்குப் பெயர் ‘பில்ஜ்’ தண்ணீர். எண்ணெயைப் பிரிக்கும் கருவி வழியாகத்தான் இதை வெளியேற்ற வேண்டும். பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருந்தால், சென்சார் அலறும். வெளியேற்றம் நின்றுவிடும். மிச்சமாகும் எண்ணெய்க் கசடைத் துறைமுகத்தில் இறக்கிவிட வேண்டும். அதற்குக் காசு கொடுக்க வேண்டும். வினையே அந்தக் காசில்தான் ஆரம்பித்தது.

புதிதாகச் சேர்ந்தவர் பார்த்தது

2013 ஆகஸ்ட். ‘கரீபியன் பிரின்சஸ்’ கப்பல் இங்கிலாந்துக் கடற்பகுதியில் போய்க்கொண்டிருந்தது. மூவாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்லக்கூடிய கப்பல். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு ஜூனியர் இன்ஜினீயர், இன்ஜின் அறையில் இருக்கக்கூடாத ஒரு குழாயைக் கவனித்தார். எண்ணெய் பிரிக்கும் கருவியையும் சென்சாரையும் தொடாமல், கழிவை நேராகக் கடலுக்குக் கொண்டுபோகும் குறுக்குவழி அது. கப்பல் உலகில் இதற்கு ‘மேஜிக் பைப்’ என்று செல்லப்பெயர். அழுக்கு மாயமாய் மறைந்துவிடுகிறதே!

கரையிலிருந்து சுமார் 23 மைல் தூரத்தில் அன்று கொட்டப்பட்டது 4,227 கேலன், அதாவது சுமார் 16,000 லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாரி நிறைந்து, இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு. குழாயில் கழிவு போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில், சென்சார் வழியாகச் சுத்தமான கடல்நீரை ஓடவிட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பதிவைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

கப்பல் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை அடைந்ததும் அந்த இளைஞர் வேலையை விட்டார். பிரிட்டன் கடலோரக் காவல் முகமையிடம் எல்லாவற்றையும் சொன்னார். கப்பலிலோ தலைமை இன்ஜினீயரும் அவருக்கு அடுத்தவரும் குழாயைக் கழற்றச் சொன்னார்கள், கீழே இருப்பவர்களைப் பொய் சொல்லச் சொன்னார்கள். ஆனால், குழாய் இருந்தபோது எடுத்த படமும் காணாமல்போன பிறகு எடுத்த படமும் அதிகாரிகள் கைக்குப் போய்விட்டன.

வழக்கில் வெளிவந்த ஒரு காட்சியை சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். புகாரை விசாரிப்பதுபோல இன்ஜின் கட்டுப்பாட்டு அறையில் தலைமை இன்ஜினீயர் ஒரு கூட்டம் போட்டார். அந்த அறையில் பேச்சைப் பதிவு செய்யும் கருவி உண்டு. அவர் கையில் தூக்கிப் பிடித்த அட்டையில், ‘எல்.ஏ. கேட்டுக்கொண்டிருக்கிறது’ என்று எழுதியிருந்தது. எல்.ஏ. என்றால் லாஸ் ஏஞ்சலஸ், கம்பெனியின் தலைமையகம் இருந்த ஊர். கூடியிருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது, வாயைத் திறக்கக்கூடாது!

செப்டம்பரில் கப்பல் நியூயார்க் போனபோது அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஏறிச் சோதித்தது. அப்போதும் ஊழியர்கள் சிலர் சொல்லிக்கொடுத்த பொய்யையே சொன்னார்கள். தோண்டத் தோண்ட, இந்தக் கப்பலில் 2005 முதலே இப்படிக் கொட்டிவந்தது தெரிந்தது. கப்பல் ஓடத் தொடங்கியதே 2004-ல்தான். அதே கம்பெனியின் வேறு நான்கு கப்பல்களிலும் முறைகேடுகள் சிக்கின. துறைமுகத்தில் கழிவை இறக்கச் செலவு அதிகம், கரையில் இருக்கும் மேலதிகாரி அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதுதான் தலைமை இன்ஜினீயர் தனக்குக் கீழே இருந்தவர்களிடம் சொன்ன காரணம்.

இத்தனைக்கும் இதே கம்பெனிதான், துறைமுகத்தில் நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் முறையை, 2001-ல் அலாஸ்காவின் ஜூனோவில் சொகுசுக் கப்பல்களுக்கு முதன்முதலில் கொண்டுவந்தது. அது கரையில் இருப்பவர்கள் கண்ணில் படும் புகை. பில்ஜ் தண்ணீரை யார் பார்க்கப்போகிறார்கள்?

நாலு கோடி டாலர்... அதன் பிறகும்!

2016 டிசம்பரில், ஏழு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொள்வதாக பிரின்சஸ் நிறுவனம் அறிவித்தது. அபராதம் 4 கோடி டாலர். கப்பல் வேண்டுமென்றே செய்த மாசுக்கு அதுவரை விதிக்கப்பட்டதிலேயே பெரிய தொகை இது. 2017 ஏப்ரலில் மயாமி நீதிமன்றம், அதில் 10 லட்சம் டாலரைப் புகார் சொன்ன இன்ஜினீயருக்குக் கொடுக்க உத்தரவிட்டது. துப்புக் கொடுத்தவருக்கு அபராதத்தில் பாதி வரைகூடத் தர அமெரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நம் ஊரிலும் இப்படி ஒன்று இருந்தால் எத்தனை ஆற்றோர ஆலைகளின் ‘மேஜிக் பைப்’கள் வெளியே வரும் என்று தோன்றுகிறது!

தாய் நிறுவனமான கார்னிவலின் எட்டு கம்பெனிகளுக்குச் சொந்தமான 78 கப்பல்கள் ஐந்து ஆண்டுகளுக்கு நீதிமன்றக் கண்காணிப்பில் வைக்கப்பட்டன. இனி ஒழுங்காக இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்?

2019 ஜூனில் மறுபடியும் மயாமி நீதிமன்றம். இந்த முறை கார்னிவல் தலைவர் ஆர்னால்ட் டொனால்டே நேரில் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். பஹாமாஸ் கடலில் உணவுக் கழிவோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொட்டியிருந்தார்கள். ஊழியர்களுக்குச் சுற்றுச்சூழல் பயிற்சி கொடுத்ததாகப் போலிப் பதிவுகள் இருந்தன. நீதிமன்றம் அனுப்பும் தணிக்கையாளர்கள் வருவதற்கு முன்பே தங்கள் ஆட்களை அனுப்பிக் கப்பலைச் ‘சரிசெய்து’ வைத்ததும் வெளியே வந்தது. அபராதம் 2 கோடி டாலர்.

2022 ஜனவரியில் இன்னொரு முறை. கம்பெனிக்குள் தவறுகளைச் சுதந்திரமாக விசாரிக்கத் தனி அலுவலகம் அமைக்க வேண்டும் என்ற நிபந்தனையை பிரின்சஸ் நிறைவேற்றவில்லை. அதற்கு விதித்த அபராதம் 10 லட்சம் டாலர், அந்த ஜூனியர் இன்ஜினீயருக்குக் கிடைத்த அதே தொகை.