பட்டங்களை எண்ணுவது எப்படி? மலேசியப் பூப்பந்து வீரர்களும் அவர்கள் ஆடிய காலமும்

மலேசியாவின் தலைசிறந்த பூப்பந்து வீரர் யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வென்ற பட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டே விடை தேடப்படுகிறது. ஓர் ஆட்டக்காரர் எத்தனை முறை வென்றார் என்பதை எண்ணும் நாம், வெல்வதற்கு அவர் காலம் அவருக்கு எத்தனை வாய்ப்புகளைத் தந்தது என்பதை எண்ணுவதில்லை. இதனால் மிகுதியும் இழப்பவர் நெகிரி செம்பிலானின் செரம்பானில் 1944-ல் பிறந்த டத்தோ பஞ்ச் குணாளன். அவருடைய பட்டியல் சுருக்கமாகத் தெரிவதற்கு அவருடைய ஆட்டம் காரணமன்று. அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளின் போட்டி நாட்காட்டியே காரணம்.

1899-ல் தொடங்கிய அகில இங்கிலாந்துப் போட்டி, உலக வெற்றியாளர் போட்டி என்ற ஒன்று 1977-ல் சுவீடனின் மால்மோ நகரில் பிறக்கும் வரை, உலகப் பட்டத்துக்கு இணையாகவே மதிக்கப்பட்டது. அதன் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை மலாயாவையும் மலேசியாவையும் சேர்ந்த மூவர் தலைக்கு நான்கு முறை வென்றிருக்கின்றனர்: வோங் பெங் சூன் 1950, 1951, 1952, 1955 ஆகிய ஆண்டுகளிலும், பினாங்கின் எடி சூங் 1953, 1954, 1956, 1957 ஆகிய ஆண்டுகளிலும், லீ சோங் வெய் 2010, 2011, 2014, 2017 ஆகிய ஆண்டுகளிலும் வாகை சூடினர். எண் ஒன்றாக இருந்தாலும் அதன் எடை மூவருக்கும் ஒன்றன்று. 1917-ல் பிறந்த வோங், ஓர் ஆட்டக்காரரின் உடல் உச்சத்தில் இருக்கும் இருபதுகளின் நடுப்பகுதியை ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் இழந்தவர். முதல் அகில இங்கிலாந்துப் பட்டத்தை முப்பது வயது கடந்தே வென்றவர். 1955-ல், நாற்பதை நெருங்கும் வேளையில், தம்மைவிடப் பல ஆண்டுகள் இளையவரான எடி சூங்கையே இறுதி ஆட்டத்தில் தோற்கடித்தவர். எடி சூங்கோ 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மாணவராக இருந்ததால், மலாயாவிலிருந்து நெடும்பயணம் செய்யாமலேயே அப்போட்டியில் தவறாமல் இறங்க முடிந்தது. லீ சோங் வெய் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர். பயிற்றுநரும் மருத்துவரும் உடன் வர, ஆண்டு முழுவதும் நாடு நாடாகச் சென்று ஆடியவர். அதே நான்கு பட்டங்களுக்காக அவர் கடக்க வேண்டியிருந்த எதிரிகளின் வரிசையை 1950களில் எவரும் கண்டதில்லை.

ஒரே போட்டியில் இரு காலத்தவரை நேராக ஒப்பிடுவதற்கு 1937-ல் தொடங்கிய மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டி உதவுகிறது. அதில் எட்டு முறை ஒற்றையர் பட்டம் வென்று வோங் படைத்த சாதனை அறுபது ஆண்டுகளுக்கு அண்மையாக நிலைத்து நின்றது. 2013-ல் ஒன்பதாவது பட்டத்துடன் அதைக் கடந்த லீ சோங் வெய், 2018-ல் பன்னிரண்டில் நிறுத்தினார். இருவரில் யார் பெரியவர் என்று கேட்பதற்கு முன், இந்தப் போட்டியின் வரலாற்றில் உள்ள இரண்டு பெரிய வெற்றிடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, போர் காரணமாக 1942 முதல் 1946 வரை போட்டி நடைபெறாத காலம். அது வோங்கின் இழப்பு. இரண்டாவது, 1969 முதல் 1982 வரை போட்டியே நடத்தப்படாத பதினான்கு ஆண்டுகள். அவற்றின் முற்பகுதியில்தான் குணாளனின் ஆட்டம் முழுமையடைந்தது.

அந்த ஆண்டுகளில் குணாளன் செய்ததை அவருக்குக் கிடைத்த மேடைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1970-ல் எடின்பரோ காமன்வெல்த் விளையாட்டில் இங் பூன் பீயுடன் இரட்டையர் தங்கம், அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் ஒற்றையர், இரட்டையர் ஆகிய இரண்டிலும் தங்கம், 1971-ல் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டம், 1974-ல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் என அவருடைய வெற்றிகள் நீள்கின்றன. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் பூப்பந்து இடம்பெற்றது. ஆனால் பதக்கப் பட்டியலில் சேராத காட்சி விளையாட்டாகவே ஆடப்பட்டதால், குணாளனும் இங் பூன் பீயும் இரட்டையர் இறுதிவரை முன்னேறியது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அதே நிலையை இன்று ஒரு மலேசிய இணை எட்டினால் அது நாட்டின் ஒலிம்பிக் வரலாற்றில் வெள்ளிப் பதக்கமாகப் பதிவாகும். 1974 அகில இங்கிலாந்து ஒற்றையர் இறுதியில் இந்தோனேசியாவின் ரூடி ஹர்த்தோனோவிடம் முதல் ஆட்டத்தை 15-8 என்று வென்ற குணாளன், அடுத்த இரண்டையும் 9-15, 10-15 என்று இழந்தார். ஹர்த்தோனோவுக்கு அது தொடர்ந்து ஏழாவது பட்டம். உலக வெற்றியாளர் போட்டியும் தரவரிசையும் பரிசுப்பணமும் இல்லாத அந்தக் காலத்தில் ஒற்றையருக்கென்று இருந்த மிகப் பெரிய மேடை அது ஒன்றே. அதிலும் எட்டு பட்டங்கள் வென்ற ஒருவரின் ஆட்சிக் காலத்தில் ஆட நேர்ந்தது குணாளனின் விதி.

இத்தகைய ஒப்பீட்டின் சிக்கலை நன்கு உணர்ந்த விளையாட்டு ஜப்பானின் சுமோ மல்யுத்தம். 1936 முதல் 1939 வரை தொடர்ந்து 69 மோதல்களில் வென்ற ஃபுதாபயாமா, தம் வாழ்நாளில் பெற்ற பட்டங்கள் 12. 1960களில் கோலோச்சிய தாய்ஹோ பெற்றவை 32. 2021-ல் ஓய்வுபெற்ற ஹகுஹோ பெற்றவை 45. ஃபுதாபயாமா ஆடிய காலத்தில் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டே பெரும்போட்டிகள் நடந்தன என்பதை அறியாதவர், அவரை ஹகுஹோவின் நான்கில் ஒரு பங்கு வீரராகவே மதிப்பிட்டுவிடுவார். ஆனால் 1958 முதல் ஆண்டுக்கு ஆறு போட்டிகள், ஒவ்வொன்றும் பதினைந்து நாட்கள் என்ற ஒழுங்கு நிலைத்துவிட்டதால், தாய்ஹோவையும் ஹகுஹோவையும் ஏறக்குறைய ஒரே அளவுகோலால் அளக்க முடிகிறது. பூப்பந்துக்கு அப்படி ஒரு நிலைத்த நாட்காட்டி வாய்க்கவில்லை. ஆகவே இங்கு ஒப்பீடு செய்பவர், ஒரு வீரரின் பட்டங்களை அவர் கலந்துகொண்ட போட்டிகளால் வகுத்தும், அதே ஆண்டுகளில் ஆடிய மற்றவர்களோடு வைத்தும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எதிராளிகளின் தரம் மற்றொரு கணக்கு. அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனத்தில் சீனா 1981-ல்தான் சேர்ந்தது. அதற்கு முன் தாங் சியான்ஹு, ஹௌ ஜியாசாங் போன்ற பெரும் சீன வீரர்கள் அகில இங்கிலாந்துக் களத்தில் இறங்கவே இல்லை. ஆகவே எடி சூங்கின் பட்டங்களையும் ஹர்த்தோனோவின் பட்டங்களையும், குணாளனின் பட்டத்தையும்கூட, அந்த இல்லாமையோடு சேர்த்தே நிறுக்க வேண்டும். லீ சோங் வெய் 349 வாரங்கள் உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்தும், 2008, 2012 ஒலிம்பிக் இறுதிகளில் சீனாவின் லின் டானிடமும், 2016-ல் அரையிறுதியில் லின் டானை வென்ற பின் இறுதியில் மற்றொரு சீன வீரரான சென் லோங்கிடமும் தோற்று மூன்று வெள்ளியோடு நின்றார். ஒலிம்பிக் தங்கங்களை மட்டும் எண்ணும் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை. அப்படியொரு பட்டியல் அவரைப் பற்றிச் சொல்வதைவிடத் தன் குறையையே சொல்கிறது. புள்ளியியலாளர்கள் சதுரங்கத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் தரமதிப்பு முறையில், வலியவரை வென்றால் மிகுதியாகவும் எளியவரை வென்றால் குறைவாகவும் மதிப்பு கூடும். அம்முறையும் ஒரு வீரர் தம் காலத்தவரைவிட எவ்வளவு உயரத்தில் நின்றார் என்பதைத்தான் சொல்லும். வோங்கும் லீயும் நேருக்கு நேர் நின்றால் யார் வெல்வார் என்பதை அதனால் சொல்ல இயலாது.

ஆட்ட விதிகளும் மாறின. முன்பு ஆண்கள் ஆட்டம் 15 புள்ளிகளுக்கானது; பந்தைத் தொடுக்கும் தரப்பு வென்றால் மட்டுமே புள்ளி கிடைத்தது, மற்றவர் வென்றால் தொடுக்கும் உரிமை மட்டும் கை மாறியது. அதனால் புள்ளிப்பலகை அசையாமலே நெடுநேரம் ஆட்டம் நீண்டது. பொறுமையும் மூச்சுவலிமையும் உடையவருக்கு அது சாதகமானது. 2006-ல் நிலைபெற்ற 21 புள்ளி முறையில், யார் தொடுத்தாலும் ஒவ்வொரு பந்துப் பரிமாற்றத்துக்கும் புள்ளி உண்டு. அவ்வாண்டு மலேசியப் பொதுப் போட்டியின் இறுதியில், தீர்மானிக்கும் ஆட்டத்தில் 13-20 எனப் பின்தங்கியிருந்த லீ சோங் வெய், ஒரு பிழைகூடச் செய்ய இடமில்லாத நிலையில் தொடர்ந்து ஏழு புள்ளிகள் எடுத்துச் சமன் செய்து, 23-21 என்று லின் டானை வென்றார். அந்த அருஞ்செயலின் முழு எடை புதிய விதியை அறிந்தவருக்கே விளங்கும். இந்த மாற்றத்தை முன்னின்று ஆதரித்தவர்களுள் ஒருவர், அப்போது உலகச் சம்மேளனத்தின் உயர்பொறுப்பில் இருந்த குணாளனே. அச்சம்மேளனத்தின் தலைமையகம் இங்கிலாந்தின் செல்டன்ஹாமிலிருந்து கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்த 2005-ஆம் ஆண்டும் அவருடைய பொறுப்புக் காலத்துள் அடங்கும். 2012-ல் அவர் காலமானார்.

இன்று பெர்லி டானுடன் இணைந்து ஆடும் எம். தீனா, 2022 காமன்வெல்த் விளையாட்டில் மகளிர் இரட்டையர் தங்கமும், 2025-ல் பாரிஸ் உலக வெற்றியாளர் போட்டியில் வெள்ளியும் வென்றிருக்கிறார். மாதந்தோறும் போட்டிகளும் வாரந்தோறும் தரவரிசையும் வெளிவரும் ஒரு காலத்தில் ஆடுவதால், அவர் வெல்லும், தோற்கும் ஒவ்வோர் ஆட்டமும் பதிவாகிறது. அதே 2025-ல் சில போட்டிகளில் 15 புள்ளி கொண்ட மூன்று ஆட்ட முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. எதிர்காலத்தில் அது நிலைபெறுமானால், தீனாவின் எண்களையும் அடுத்த தலைமுறையின் எண்களையும் ஒப்பிடுபவர் மீண்டும் விதிமாற்றத்தின் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.