மூலையில் ஒரு பெயர்
(சுவரும் சட்டமும் – 8)

போன வாரம் லண்டன் சுவர்களோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் சந்தவாசலுக்கு வருவோம். ஜவ்வாது மலையடிவாரத்தில், படவேட்டுக்குத் திரும்பும் வழியில் இருக்கிற ஊர். ஆடி மாதம் படவேட்டு ரேணுகாம்பாள் அம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்துச் சுவர்களைப் பார்த்தபடியேதான் போகிறார்கள். இந்த அடிவார ஊர்களில் சுவர் சும்மா இருப்பதில்லை. கட்சித் தலைவரின் முகமும் சின்னமும், சிமெண்ட் விளம்பரம், பள்ளிக்கூட மதிலில் மானும் மயிலும் இந்திய வரைபடமும். இத்தனையையும் சாக்பீஸில் கோடு போட்டு, சாரத்தில் நின்று எழுதிய கைகள் யாருடையவை? ஊரில் கேட்டால், ‘பெயிண்டர்’ என்பார்கள்.

லண்டன் சுவர்களில் வரைந்த தெருவோவியர் பாங்க்ஸி தன் பெயரைத் தானே மறைத்துக்கொண்டவர். ஃபோர்ட் கொச்சியின் சுவர்களில் ‘கெஸ் ஹூ’ என்ற புனைபெயரில் வரைபவரும் அப்படித்தான். அவர்களுக்கு முகமூடி ஒரு வசதி. நம் பெயிண்டரிடம் யாரும் பெயர் கேட்டதே இல்லை. இந்த இரண்டு விதமான பெயரின்மையையும் சட்டம் ஒரே தட்டில்தான் வைக்கிறது. எனக்கு அதில்தான் மனத்தாங்கல்.

முதலில் ஓர் அடிப்படை. சுவர் வேறு, அதன் மேல் இருக்கும் சித்திரத்தின் பதிப்புரிமை வேறு. சுவர் வீட்டுக்காரருடையது. அவர் அனுமதி இல்லாமல் எழுதினால், தமிழ்நாட்டில் திறந்தவெளிகளை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். ஆனால் வரைந்த படத்தை நகலெடுக்கும் உரிமை, சுவரை வைத்திருப்பதால் மட்டும் வீட்டுக்காரருக்கு வந்துவிடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, படைத்தவரே முதல் உரிமையாளர்.

அதே பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. ஒருவர் சொல்லி, அவரிடம் கூலி வாங்கிக்கொண்டு வரைந்த ஓவியமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். தலைவர் முகத்தை வரைந்த பெயிண்டர், கூலி வாங்கிய வேலையோடு பதிப்புரிமையையும் கொடுத்துவிடுகிறார். துண்டுச் சீட்டில்கூட எதுவும் எழுதப்படுவதில்லை. அப்படி ஒன்றைக் கைவிடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

கூலி இல்லாமல், யாரும் சொல்லாமல், தன் ஆசைக்கு ஒருவர் வரைந்தால்? உரிமை அவருடையதுதான். பெயர் தெரியாத படைப்புக்கும் 23-ஆவது பிரிவு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு தருகிறது. ஆனால் படைத்தவர் யார் என்பது வெளிப்படும்வரை, வழக்கு நடத்தும் விஷயத்தில் உரிமையாளர் இடத்தில் வெளியீட்டாளரையே வைக்கிறது 54-ஆவது பிரிவு. புத்தகத்துக்கு வெளியீட்டாளர் உண்டு. சுவருக்கு யார் வெளியீட்டாளர்?

பாங்க்ஸி போன்ற புகழ்பெற்றவரே இந்தப் பெயரின்மை விஷயத்தில் சறுக்கியிருக்கிறார். பூங்கொத்து எறியும் இளைஞன் படத்துக்கு அவர் தரப்பு வாங்கிய வணிகச் சின்னப் பதிவை, ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகம் 2020 செப்டம்பரில் ரத்து செய்தது. சின்னமாகப் பயன்படுத்தும் எண்ணமே இல்லாமல் பதிந்தார் என்பதே காரணம். கூடவே, அடையாளத்தை மறைத்திருப்பவரை அந்தப் படைப்பின் உரிமையாளர் என்று ஐயமின்றிச் சொல்ல இயலாது என்றும் குறிப்பிட்டது.

நம் நாட்டு வழக்கு ஒன்று. மெக்சிகோ ஓவியர் பாவ்லா டெல்ஃபின் மும்பையில் வரைந்த ‘ஹ்யுமானிட்டி’ என்ற சுவரோவியத்தை, ஆக்கோ காப்பீட்டு நிறுவனம் தன் விளம்பரப் பதாகையில் எடுத்துக்கொண்டது. அந்தச் சுவரோவியத்துக்கு ஏற்பாடு செய்த ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை வழக்குப் போட்டது. பதாகையை அகற்றும்படி 2023 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்பைப் படமெடுக்கச் சட்டம் தரும் சலுகை, விளம்பரத்துக்குப் பொருந்தாது என்பது நீதிமன்றத்தின் முதற்கட்டப் பார்வை. நல்ல உத்தரவு. ஆனால் நீதிமன்றப் படியேற அங்கே ஓர் அமைப்பும் ஓர் ஓவியரின் பெயரும் இருந்தன. அடிவாரத்துச் சுவர் ஒன்றின் மயிலை நாளை ஒரு நிறுவனம் காலண்டரில் அச்சடித்தால், யார் போய்க் கேட்பது?

பதிப்புரிமை கைமாறினாலும் படைத்தவரிடமே தங்கிவிடும் உரிமை ஒன்றுண்டு. 57-ஆவது பிரிவு தருவது அது: இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம், தன் மதிப்புக் கெடும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கலாம். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விக்யான் பவனுக்குச் செய்துகொடுத்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் விடவில்லை. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பாகங்களைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் அரசுக்கு ஆணையிட்டது. சிற்பத்தை அரசுக்கு விற்ற பிறகும் வென்றார் அவர். செய்தவர் இன்னார் என்பதில் அங்கே சந்தேகமே எழவில்லை.

ஆகவே எல்லாம் பெயரில்தான் வந்து நிற்கிறது. ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் கடைப் பலகைகளின் கீழ் மூலையில், ஒரு பெயரும் பக்கத்தில் ‘ஆர்ட்ஸ்’ என்ற சொல்லும் ஊர்ப் பெயரும் இருக்கும். அடுத்த வேலை பிடிப்பதற்காக எழுதியதுதான். ஆனால் 55-ஆவது பிரிவு அதற்குப் பெரிய மதிப்பு தருகிறது: கலைப்படைப்பு உருவானபோதே அதில் இருந்த பெயருக்குரியவரையே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, படைத்தவராக நீதிமன்றம் கொள்ள வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்ய விரும்பினால் கலைப்படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய்.

சுவரில் வரைகிற தோழர்களே, வேலை முடிந்ததும் மூலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வேலை கொடுக்கிற தலைமையாசிரியர்களே, கட்சிக்காரர்களே, கடைக்காரர்களே, அந்தப் பெயருக்கு ஒரு சாண் இடம் விடுங்கள். வெள்ளையடிக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் வரைந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.