எழுதும் ஆசிரியரே எழுதுவிப்பர்

கற்பித்தற்றொழில்கள் எல்லாவற்றினும் எழுதுவித்தல் அரியது. வாசிப்பித்தற்கு நூல் உண்டு. இலக்கணத்துக்குச் சூத்திரம் உண்டு. கணக்கிற்கு வாய்பாடு உண்டு. மாணாக்கன் உள்ளத்திலே தோன்றும் கருத்தை அவன் கையாலேயே வெளிப்படுத்துவித்தற்கோ ஆசிரியரையன்றிப் பிறிதொரு துணை இல்லை. அவ்வாசிரியரை அப்பணிக்குப் பயிற்றுவது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

நம் பாடசாலைகளிற் கட்டுரைப் பாடம் பெரும்பாலும் நடைபெறும் முறையை யாவரும் அறிவர். கரும்பலகையில் ஒரு தலைப்பு எழுதப்படும். பிள்ளைகள் வீட்டிலிருந்து எழுதி வருவர். ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிடுவர். சோதனை நெருங்கும்போது மாதிரிக் கட்டுரை மனனஞ் செய்விக்கப்படும். ‘யான் கண்ட திருவிழா’ என எழுதும் முப்பது பிள்ளைகளும் ஒரே திருவிழாவையே காண்பர். நல்லூர்த் தேரும் நயினாதீவுத் தேரும் ஒரே வடத்தால் இழுக்கப்படும்! புள்ளியுங் கிடைத்துவிடும். ஆயின், பாடசாலையை விட்டு நீங்கியபின் தன் குறையைக் கூறி ஒரு விண்ணப்பம் எழுத நேரும்போது அப்பிள்ளை பிறர் கையை எதிர்பார்த்து நிற்கின்றது. பதினோராண்டு தமிழ் கற்ற பயன் இதுதானா?

சிவப்பு மை தேடுவது எதனை? ரகர றகர மயக்கத்தையும் ஒற்று மிகுதலையுமே பெரிதும் தேடுகின்றது. நன்னூலார் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றார். அவற்றுள் வழுவான சொல்லைச் சேர்த்தல் ஒன்று மாத்திரமே. வேண்டியதைக் குறைத்தல், வேண்டாததைக் கூட்டல், சொன்னதையே மீளச் சொல்லல், முன்னுக்குப் பின் முரணல், எடுத்த பொருளை விட்டு வேறொன்றிற் செல்லல் முதலிய ஏனையவெல்லாம் பொருளையும் அதனைத் தொடுக்கும் முறையையும் பற்றியன. பத்தில் ஒன்றைத் திருத்தி ஒன்பதை விட்டுவிடுதல் திருத்தமாகுமா? எழுத்துப்பிழை பொறுக்கத்தக்கது என்பது எம் கருத்தன்று. அது மாத்திரமே பிழையன்று என்பதே கருத்து.

இதற்கு ஆசிரியரை நோதல் தகாது. எழுதுவிக்கும் முறையில் அவர் பயிற்றப்பட்டிலர். ஆயினும் இம்மண்ணிலே நல்வழி காட்டினார் உளர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கேற்ற வசன நூல் வேண்டுமென உணர்ந்தார். உணர்ந்தவர் தாமே எழுதினார். எழுத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து சிறு வாக்கியத்துக்கும், அதிலிருந்து வசனத்துக்கும் படிப்படியாக ஏறுவன அவர்தம் பாலபாடங்கள். பின்னாளில் திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையில் நெடுங்காலம் ஆசிரியர்களைப் பயிற்றிய பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) அவர்களும் சிறந்த கட்டுரையாளர். ‘இலக்கிய வழி’ அதற்குச் சான்று. இவ்விருவரும் கற்பித்தார்கள், கற்பித்தவாறே எழுதினார்கள்.

இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவிலும் ஓர் இயக்கம் எழுந்தது. 1974இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில், ஜேம்ஸ் கிரே என்பவர் கோடை விடுமுறையிலே பாடசாலை ஆசிரியர்களை ஒருங்கு கூட்டினார். ஆசிரியருக்கு நல்ல ஆசிரியர் ஆசிரியரே என்பதும், எழுத்தைக் கற்பிப்போர் தாமும் எழுதல் வேண்டும் என்பதும் அவர் கொண்ட கொள்கைகள். அம்முயற்சி பின்னர் அந்நாடு முழுவதும் பரவியது.

இங்கு நடைபெறும் கருத்தரங்குகள் பலவற்றில் ஒருவர் காலைமுதல் மாலைவரை பேசுவர். ஏனையோர் குறிப்பெடுத்துக்கொண்டு மீள்வர். நீந்தும் முறையைக் கரையில் நின்று கேட்டவர் பிறரை நீந்துவித்தல் கூடுமா? கோப்பாயில் நடப்பினும் பருத்தித்துறையில் நடப்பினும் பயிற்சி இவ்வாறு அமையலாம். முதல்நாளில் ஒவ்வோராசிரியரும் தாம் கண்ட கிணற்றடி, பனங்கூடல், சந்தை என்பவற்றுள் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதுக. ஐவர் ஐவராக அமர்ந்து அதனை வாசிக்க. கேட்போர் பிழை பொறுக்காது, விளங்காத இடத்தை மாத்திரம் சொல்லுக. இரண்டாம் நாள் அதனையே திருப்பி எழுதுக. முதல் வாக்கியம் வாராது தவிக்கும் பிள்ளையின் இடர் அப்போது ஆசிரியருக்குப் புலனாகும். மூன்றாம் நாள் ஒருவர் மாணாக்கர்க்குப் பாடம் நடத்த, மற்றையோர் இருந்து கண்டு ஆராய்க. ஆசிரிய கலாசாலைகளிற் பயின்றோர்க்கு இவ்விமரிசனப் பாடம் புதியதன்று.

அதன்பின் வகுப்பிற்குச் செல்லும் ஆசிரியர் ஒரு கட்டுரையில் இரண்டு குறைகளை மாத்திரம் சுட்டி, பிள்ளையைக் கொண்டே அதனைத் திருப்பி எழுதுவிப்பாராயின் அதுவே பெரும்பயன் தரும். கொப்பி முழுவதும் சிவந்தால் பிள்ளையின் உள்ளம் வெளிறும்.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. விடுமுறையில் மூன்று நாளும், சில தாளும், தாம் எழுதியதைப் பிறர்முன் வாசிக்கும் துணிவுமே வேண்டுவன. பிள்ளைகளிடத்து நாம் நாள்தோறும் எதிர்பார்க்கும் துணிவும் அதுவே. அதனை முதலில் நாம் மேற்கொள்வோமாக.