தலைத்தோலின் தாராளம்

செஞ்சியிலிருந்து மேல்மலையனூருக்கு அமாவாசை நாட்களில் ஓடும் பேருந்துகளைச் சற்று நேரம் கவனித்தால், போகிற தலைகளில் கேசமும் திரும்புகிற தலைகளில் சந்தனமும் இருப்பதைக் காணலாம். வல்லம், வளத்தி, அவலூர்ப்பேட்டை என்று அந்த வட்டாரத்து ஊர்களில் அங்காளம்மனைக் குலதெய்வமாகக் கொண்டாடும் குடும்பங்கள் அநேகம். அக்குடும்பங்களில் பிறந்த குழந்தைக்கு முதல் மொட்டை அம்மன் சந்நிதியில்தான். தாய்மாமன் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் இருத்தி, இரு கன்னங்களையும் உள்ளங்கைகளால் அணைத்துப் பிடித்துக்கொள்ள, நாவிதர் தண்ணீரைத் தெளித்து முடி ஊறும்வரை விரல்களால் அழுத்தித் தேய்த்து, கத்தியில் புது பிளேடைச் செருகி, உச்சியிலிருந்து நெற்றியை நோக்கி முதல் இழுப்பை இழுக்கிறார். குழந்தை திமிறுகிறது, எங்கோ ஓரிடத்தில் கடுகளவு கீறல் விழுகிறது, மறுகணம் அந்தக் கடுகளவு வாயிலிருந்து ரத்தம் கோடாக இறங்கி மாமனின் வேஷ்டியை நனைக்கிறது. தாய் பதறுகிறாள். நாவிதர் பதறுவதில்லை. ஈரத்துணியை மடித்து அந்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே, அடுத்தவருக்குச் சீட்டு வாங்கியாகிவிட்டதா என்று விசாரிக்கிறார்.

சிவபெருமான் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தை அம்மன் விடுவித்ததாகச் சொல்லும் தலம் அது. கபாலத்துக்குப் புராணம் இருக்கிறது. கபாலத்தின் மேற்போர்வைக்கு இல்லை. ஆனால் சரீர சாஸ்திரம் படிப்பவர்கள், நம் உடலின் மற்றெந்தத் தோலுக்கும் இல்லாத விசேஷங்கள் இந்தப் போர்வைக்கு உண்டென்பதை முதல் வருஷத்திலேயே அறிந்துகொள்கிறார்கள்.

புருவத்திலிருந்து பிடரி வரையிலும், ஒரு காதின் மேலிருந்து மறு காதின் மேல் வரையிலும் பரந்துள்ள தலைத்தோல் ஐந்து அடுக்குகளால் ஆனது. மேலே இருப்பது மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் நெருங்கிய தடித்த தோல். ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் முளைத்து நிற்பதும், நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்ந்து சீப்பில் சிக்கி நம்மை விசாரப்படுத்துவதும் இங்கேதான். அதன் கீழ், கொழுப்பைச் சிறுசிறு அறைகளில் அடைத்து வைத்தாற்போன்ற உறுதியான நார்த்திசு. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுவது இந்த இரண்டாம் அடுக்கில். மூன்றாவது, நெற்றியிலுள்ள தசையையும் பிடரியிலுள்ள தசையையும் உச்சியின் குறுக்கே இணைக்கும் வெண்ணிறமான வலிய நார்த்தகடு. நாம் வியப்பால் புருவத்தை உயர்த்தும்போதும், சிலர் வேடிக்கைக்காகத் தலைத்தோலை ஆட்டிக் காட்டும்போதும் இழுபடுவது இதுதான். இம்மூன்று அடுக்குகளும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே தகடாக இயங்குகின்றன. நான்காவது, நூலாம்படையையொத்த மெல்லிய இழைகளாலான தளர்ந்த வெளி. ஐந்தாவது, எலும்பை ஒட்டியிருக்கும் உறை. நாவிதர் தேய்க்கும்போது மேல் மூன்றும் சேர்ந்து நகர்வதும், இயந்திரத்தில் முடி சிக்கினால் மேல் மூன்றும் சேர்ந்து பிய்ந்து வருவதும் இந்த நான்காம் அடுக்கின் தளர்ச்சியினால்தான்.

ரத்தத்துக்கு வருவோம். தலையின் ஒவ்வொரு பாதிக்கும் ஐந்து தமனிகள் ரத்தம் கொண்டுவருகின்றன: நெற்றி வழியே ஏறுபவை இரண்டு, பொட்டின் வழியே ஒன்று, காதின் பின்னால் ஒன்று, பிடரி வழியே ஒன்று. காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்தால் துடிப்பது பொட்டுத் தமனி. இப்பத்தும் உச்சியில் ஒன்றோடொன்று கிளைவிட்டுக் கலந்து, இடது வலது என்ற பேதமின்றி ஒரே வலையாகிவிடுகின்றன. கையிலோ காலிலோ ஒரு தமனி அறுபட்டால் அதன் முனை உட்புறம் சுருங்கி மடங்கி ஓரளவு தானே அடைத்துக்கொள்ளும். தலைத்தோலிலோ தமனியின் சுவர் சுற்றியுள்ள நார்த்திசுவோடு ஒட்டி இழுத்துப் பிடிக்கப்பட்டிருப்பதால், அறுபட்ட வாய் மூட முடியாமல் திறந்தே நிற்கிறது. போதாக்குறைக்கு, அறுபட்ட இரு முனைகளிலிருந்தும் ரத்தம் வரும். சிறு காயத்துக்குப் பெரு ரத்தம் என்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

பரிகாரமும் அதே அமைப்பில் அடங்கியிருக்கிறது. தோலுக்கு அடியில் கல்லையொத்த எலும்பு இருக்கிறபடியால், சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிஷம் இடைவிடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ரத்தப்போக்கு நின்றுவிடும். நம் ஊர்களில் ரத்தத்தைக் கண்டதும் காப்பித்தூளையும் சுண்ணாம்பையும் மஞ்சளையும் அள்ளி அப்புகிறார்கள். அந்தத் தூளை முடிக்கற்றைகளுக்கிடையிலிருந்து கழுவி எடுப்பதற்குள், தையல் போட வந்த மருத்துவருக்கும் போட்டுக்கொள்ள வந்தவருக்கும் போதும் போதுமென்றாகிவிடும். எலும்பு உள்ளே அமுங்கியிருக்கிறது என்று தோன்றினால் மட்டும் அங்கே அழுத்தாமல் துணியால் மூடி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தலைக்காயத்தைப் பற்றி நீதிமன்றங்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. வரப்புத் தகராறில் ஒருவன் தடியால் அடிக்கிறான். அடிபட்டவன் அரிவாளால் வெட்டினான் என்று புகார் எழுதுகிறான். காயத்தைப் பார்த்தாலோ விளிம்புகள் நேராக, கத்தியால் கீறினாற்போலவே இருக்கின்றன. எலும்பின்மேல் இறுக்கமாகப் பரந்துள்ள தோலின்மீது மொண்ணையான பொருள் தாக்கும்போது, தோல் நசுங்க இடமில்லாமல் நேர்கோட்டில் பிளக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் நசுங்கிய மயிர்க்கால்களும், பிளவின் அடியில் அறுபடாமல் குறுக்கே நிற்கும் இழைகளும் தெரியும். அரிவாள் வெட்டில் இழைகள் மிஞ்சுவதில்லை, முடியும் சேர்ந்தே வெட்டுப்பட்டிருக்கும். வழக்கின் போக்கே மாறிவிடக்கூடிய இந்த வித்தியாசத்தை, புறநோயாளிகள் கூட்டத்துக்கு நடுவே தையல் போட்டுக்கொண்டே குறித்து வைக்கும் அரசு மருத்துவர்கள் நம் மரியாதைக்குரியவர்கள்.

மொண்ணைத் தாக்குதலைப் பக்தியாகவே செய்கிற ஓரிடமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. கரூர் மாவட்டம் மேட்டு மகாதானபுரம் மகாலட்சுமி அம்மன் கோயிலில், ஆடிப்பெருக்கை ஒட்டி நடக்கும் விழாவில், வரிசையாக உட்கார்ந்த நூற்றுக்கணக்கான பக்தர்களின் தலையில் பூசாரி தேங்காயை ஓங்கி உடைத்துக்கொண்டே போகிறார். பலருக்குத் தோல் பிளந்து தையல் போடும்படி ஆகிறது. ஆம்புலன்ஸும் மருத்துவக் குழுவும் அருகே நிற்கின்றன. தையல் போட்டுக்கொண்டவர்கள் சில நாட்களில் நலமடைவதைத் தெய்வத்தின் கிருபை என்று அவர்கள் சொல்வார்கள். காயம் சீக்கிரம் ஆறத் துணைசெய்யும் தாராளமான ரத்த ஓட்டம் என்று உடற்கூற்று நூல் சொல்லும். இரண்டையும் ஏற்றுக்கொள்பவர்கள்கூட ஒன்றை யோசிக்க வேண்டும்: தோல் ஆறுவது வெளியே தெரிகிறது; மண்டைக்குள் மூளை குலுங்கியதற்கு வெளியே அடையாளம் இல்லை. அந்த வழக்கத்தை நான் சிலாகிக்கத் தயாராக இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது ரத்தம் வெளியே வராத தலைக்காயத்துக்குத்தான். நான்காம் அடுக்காகிய அந்தத் தளர்ந்த வெளியில் தடுப்புச் சுவர் ஏதுமில்லை. அங்கே ரத்தமோ சீழோ சேர்ந்தால் தலை முழுவதும் பரவும். பின்னால் பிடரி எலும்பிலும் பக்கவாட்டில் கன்னப்பொட்டின் எலும்பிலும் நார்த்தகடு ஒட்டியிருப்பதால் அந்தத் திசைகளில் வழி அடைபட்டிருக்கிறது. முன்னாலோ நெற்றித் தசை எலும்பில் ஒட்டாமல் புருவத்துத் தோலில் போய் முடிகிறது. எனவே ரத்தம் மெல்ல முன்புறமாக இறங்கி இமைகளில் தேங்குகிறது. செஞ்சிக் கோட்டைப் படிகளில் வழுக்கி உச்சந்தலையில் அடிபட்ட பையனுக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டு கண்களும் கறுத்து வீங்குவதும், கண்ணில் யார் குத்தியது என்று பாட்டி அவனைக் குடைவதும் இதனால்தான். ஆனால் மண்டையோட்டின் அடித்தளம் விரிந்தாலும் கண்கள் இப்படிக் கறுக்குமாதலால், சிரித்துவிட்டுப் போகாமல் மருத்துவரிடம் காட்டுவதே புத்திசாலித்தனம்.

இந்த வெளியின் அபாயம் பச்சிளங்குழந்தைகளிடம்தான் மிகக் கொடூரமானது. பிரசவத்தில் உறிஞ்சு கருவியை வைத்துத் தலையை இழுக்க நேரும்போது, மிக அரிதாக, நார்த்தகட்டின் கீழ் ரத்தக்கசிவு ஏற்படும். மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் சரீரத்தில் இருக்கும் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான். அந்த வெளியோ அவ்வளவையும் உள்வாங்கிக்கொள்ளக் கூடியது. தலை மெத்தென்று வீங்கிக்கொண்டே போய்க் குழந்தை வெளிறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது என்று செவிலியர்களுக்குப் போதிப்பது இதனால். இயற்கையில் தீமைக்குள் நன்மையும் கலந்திருக்கிறது: குழந்தைகளின் மண்டையெலும்பு விரிந்தால், உள்ளே தேங்கி மூளையை அமுக்கியிருக்க வேண்டிய ரத்தம் விரிசல் வழியே இந்த வெளிக்கு வந்துவிடுவதும் உண்டு, அதனால் மூளை நசுங்கும் அபாயம் தள்ளிப்போகிறது. சீழ் விஷயத்தில் இத்தகைய சலுகை இல்லை. தலைத்தோலையும் மண்டைக்குள்ளிருக்கும் பெருஞ்சிரைகளையும் எலும்பைத் துளைத்து இணைக்கும் சிறு சிரைகளுக்கு வால்வு கிடையாது. ஆகவே வெளியே புரையோடிய கட்டியின் கிருமி உள்ளே போகப் பாதை திறந்தேயிருக்கிறது.

பேன் கடித்துச் சொறிந்து தலையில் புண்ணான குழந்தைக்குப் பிடரியில் நெறி கட்டுவதைத் தாய்மார்கள் அறிவார்கள். தலைத்தோலுக்குள் நிணக் கணுக்கள் இல்லை. காவல் எல்லாம் பிடரியிலும் காதின் பின்னும் முன்னும்தான். நெறியைத் தேய்க்காமல் தலைப்புண்ணைக் கவனித்தால் அது தானே வற்றும். மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் உடற்கூறு இடம் கொடுக்கவில்லை. பிளேடு வெட்டுவது உயிரற்ற தண்டை, வேரோ சில மில்லிமீட்டர் ஆழத்தில் பத்திரமாக இருக்கிறது. உச்சிக்குழி வழக்கமாக ஒன்றரை வயதையொட்டி மூடிக்கொள்கிறது. அதற்குமுன் மொட்டையடிப்பவர்கள் அந்த இடத்தில் நாவிதரின் கை லேசாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

இனி இயந்திரம். முடியைச் சுழலும் தண்டோ பட்டையோ இழுக்கும்போது, புருவத்துக்கு மேலும் காதுகளுக்கு மேலும் பிடரியிலுமாக வட்டமாய் அறுந்து, மேல் மூன்று அடுக்குகளும் எலும்புறையின்மேல் விரித்த பாய் உருவப்படுவதுபோல் உருவிக்கொண்டு வந்துவிடுகின்றன. எலும்புக்குப் பெரும்பாலான ரத்தம் உட்புறத்திலிருந்தே வருவதால் எலும்பு உடனே சாவதில்லை; உறை மிஞ்சியிருந்தால் தொடைத்தோலை ஒட்டுப்போடலாம். உறையும் போனால் ஒட்டுத்தோல் பிடிக்காது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க எல்லைப்புறங்களில் எதிரிகளால் தலைத்தோல் உரிக்கப்பட்டுப் பிழைத்தவர்களுக்கு, ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர் எலும்பின் வெளித்தட்டில் நெருக்கமாகச் சிறு துளைகளிட்டு, அவற்றின் வழியே புதுச்சதை எழும்பச் செய்தார். அந்த முறையை 1806இல் எழுதியும் வெளியிட்டார். ஒட்டுத்தோல் புண்ணை மூடும். கேசத்தைத் திருப்பித் தராது.

பிய்ந்த தோலையே திரும்பப் பொருத்துவது 1976இல் மில்லர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் நுண்ணோக்கியின் கீழ் ரத்தக்குழாய்களைத் தைத்து வெற்றிகண்ட பிறகே கைவந்தது. பத்துத் தமனிகளும் ஒரே வலையாகக் கலந்திருக்கும் அந்தத் தாராளம் இங்கே பெரிய உபகாரமாகிறது: பொட்டுத் தமனி ஒன்றையும் சிரை ஒன்றையும் இணைத்துவிட்டால்கூடத் தலைத்தோல் முழுவதும் உயிர்பெறக்கூடும். 1994இல் பஞ்சாபில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் பின்னல் இயந்திரத்தில் சிக்கி, தலைத்தோலும் முகத்தோலும் இரண்டு துண்டுகளாகப் பிய்ந்துபோயின. குடும்பத்தார் அவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து சேர, லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஆபிரகாம் தாமஸ் சுமார் பத்து மணி நேரம் சிகிச்சை செய்து அவளுடைய சொந்த முகத்தையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார். முழு முகத்தையும் மீண்டும் பொருத்தியதில் உலகிலேயே முதலாவது அது என்பார்கள். பதற்றத்திலும் அந்தத் துண்டுகளை விட்டுவிடாமல் எடுத்து வந்த கைகளுக்கு அந்தப் பெருமையில் பாதி சேர வேண்டும்.

அவ்வாறு எடுத்து வருவதற்கும் ஒரு முறை உண்டு. பிய்ந்த தோலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் வைக்க வேண்டும். பனிக்கட்டி தோலில் நேராகப் படக்கூடாது. தலையில் துணியை அழுத்திக் கட்டி, 108க்குச் சொல்லும்போதே தோலும் கையிலிருக்கிறது என்று சொல்லிவிட்டால், நுண் ரத்தக்குழாய் சிகிச்சை உள்ள இடத்துக்கு நேரே போகலாம்.

நெல்லும் மணிலாவும் விளைகிற செஞ்சி, வல்லம் பக்கத்துக் களங்களில் அறுவடைக் காலத்தில் இயந்திரத்தருகே குனிந்து நிற்பவர்களில் பெண்களே அதிகம். கதிரடிக்கும் இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு அமைப்பு வேண்டுமென்று 1983இலேயே மத்திய அரசு ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியிருக்கிறது. இயந்திரம் வைத்திருப்பவர்கள் பட்டைக்கும் தண்டுக்கும் மூடுதகடு பொருத்திய பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். வேலைக்கு வரும் பெண்கள் பின்னலைக் கொண்டையாக முடிந்து துண்டால் இறுகக் கட்டிக்கொண்டுதான் அருகே போக வேண்டும். தகடில்லாத இயந்திரத்தருகே போக மறுப்பதற்கும் அவர்களுக்குத் தைரியம் வர வேண்டும்.